ஆறும் பதிமூன்றும்

ஜாஸ்பினுக்கு அந்தப் பயிலரங்குக்குப் போக மனமே இல்லை. போகாமல் இருக்க வழியும் இல்லை. இரணியல் பக்கத்தில் இருந்த அந்தத் தன்னாட்சிக் கல்லூரியில் பதினோரு வருஷமாக ஆங்கிலம் கற்பித்து வந்தாள். பதினோரு வருஷமும் ஒப்பந்த வேலைதான். ஒவ்வொரு ஜூனிலும் நோட்டீஸ் போர்டில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மழைக்குப் புதுக் குடையே வாங்குவாள். இந்த வருஷம் ஆங்கிலத் துறையில் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு ஏப்ரலிலேயே கிளம்பிவிட்டது. முனைவர் பட்டம் முடிக்காதவர்கள் முதலில் போவார்களாம். ஜாஸ்பின் முடிக்கவில்லை. கணவன் ஸ்டெனி ஷார்ஜாவில் இருந்தான். கருங்கல் ஊரில் இருந்த வீட்டில் மாமியார் படுத்த படுக்கை. அரைகுறை ஆய்வேடு ஒரு துணிப்பையில் அலமாரிக்கு மேலே கிடந்தது. ஒரு பயிலரங்கு சர்டிபிகேட்டாவது கையில் இருந்தால் பெயரை வெட்டும் பேனா கொஞ்சம் தயங்கும் என்று நினைத்துத்தான் பெயர் கொடுத்தாள்.

கல்லூரி மாணவர்களுக்கு எழுதக் கற்பிக்கிற ஆசிரியர்களுக்கான பயிற்சி என்று மாடியில் பேனர் கட்டியிருந்தார்கள். மே மாதப் புழுக்கம். மாவட்டத்தின் பல கல்லூரிகளில் இருந்தும் வந்திருந்தார்கள். எல்லார் முகத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு சீக்கிரம் வீடு போய்ச் சேரும் நினைப்புதான் தெரிந்தது. முதல் நாள் ஜெபம், பொன்னாடை, முதல்வர் உரை என்று மத்தியானம் வரை இழுத்தது. இரண்டாம் நாள்தான் ஓமனா வந்தாள்.

ஓமனா திருவனந்தபுரத்தில் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கத்தரித்த நரைமுடி, காட்டன் புடவை, காலில் கான்வாஸ் ஷூ. மைக்கைக் கையில் எடுக்கவே இல்லை.

"இன்னைக்கு நான் பிரசங்கம் செய்யப் போறதில்ல. நீங்க எல்லாரும் வேல செய்யணும்," என்றாள் மலையாளம் கலந்த தமிழில். "இந்தக் கல்லூரி தேர்வு ஆபீசுல கேட்டு மூணு கட்டுரை வாங்கியிருக்கேன். பாஸ் மார்க்குக்குப் பக்கத்துல வந்து நின்ன பிள்ளைகள் எழுதினது. பேரு, நம்பரு எதுவும் இல்லாம டைப் செய்திருக்கு. தப்பெல்லாம் அப்படியே இருக்கு. யாரும் யாருகிட்டயும் மிண்டக்கூடாது. படிச்சிட்டு இருபதுக்கு எத்தன மார்க்குன்னு சீட்டுல எழுதித் தாங்க."

முதல் இரண்டும் ஜாஸ்பினுக்குப் பழகிய சரக்கு. மனப்பாடமாக வந்த முன்னுரை, இடையில் நூல் அறுந்து போன பட்டம், மனப்பாடமாக வந்த முடிவுரை. மூன்றாவதை எடுத்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

நீங்கள் ஒத்துக்கொள்ளாத ஒரு முடிவைப் பற்றி எழுதுக என்பது தலைப்பு. எழுதியவள் கடற்கரைக்காரி. கடல் ஊருக்குள் ஏறி வந்தபோது வீட்டை விட்டுப் போக மாட்டேன் என்று அப்பா எடுத்த முடிவோடு அவள் சண்டை போட்டிருந்தாள். ஆங்கிலம் கல்லிலும் முள்ளிலும் நடந்தது. 'கடல் வந்தது. அடுக்களையை எடுக்கிறது. அப்பா சொல்கிறார், எடுத்தது திருப்பித் தரும். நானும் அக்காவும் கேட்டோம், எப்போது. அப்பாவுக்குப் பதில் இல்லை, அதனால் கோபம் இருக்கிறது.' பத்தி பிரிக்கவே இல்லை. ஆனால் அப்பா சொல்லும் நியாயத்தையும் அவளே சொல்லி, அது ஏன் நிற்காது என்றும் ஒவ்வொன்றாகச் சொல்லியிருந்தாள். வாடகை வீட்டில் கதவைப் பூட்டிப் பழக வேண்டியிருந்தது, அதுவரை எங்கள் கதவுக்குப் பூட்டே கிடையாது என்று ஒரு இடத்தில் எழுதியிருந்தாள். ஜாஸ்பின் அந்த வரியை இரண்டு தரம் படித்தாள். சீட்டில் பதிமூன்று என்று எழுதி மடித்துக் கொடுத்தாள்.

ஓமனா மார்க்குகளை வெள்ளைப் பலகையில் எழுதினாள். முதல் இரண்டு கட்டுரைக்கும் எல்லாரும் ஏறக்குறைய ஒரே மார்க் போட்டிருந்தார்கள். மூன்றாவதுக்கு வந்தபோது அறையில் சலசலப்பு எழுந்தது. நாலு போட்டவர் இருந்தார். பதினைந்து போட்டவரும் இருந்தார். இடைப்பட்ட எண் ஒன்று விடாமல் பலகையில் ஏறியது.

"அஞ்சு போட்டது நான்தான்," என்று எழுந்தாள் பெமிலா. ஜாஸ்பினோடு அதே துறையில் ஒப்பந்தத்தில் இருப்பவள், தினமும் ஒரே பஸ்ஸில் வருகிறவள். "ஒரு வினைச்சொல்லு ஒழுங்கா உண்டுமா இதுல? வந்தது, வருகிறது, வரும், எல்லாம் ஒரே மூச்சுல கெடக்கு. இதுக்கு எப்பிடி பாஸ் போட?"

"கடலு அப்படித்தானே வருது," என்றாள் ஜாஸ்பின். சிரிப்பு எழுந்தது. அவள் சிரிக்கவில்லை. "காரணம் சொல்லு, எதிர்க்காரணம் சொல்லு, சொந்தமா எழுதுன்னு நாம வகுப்புல தொண்ட கிழியக் கத்துகோம். இந்தப் பிள்ள அத செஞ்சிருக்கா. இதுக்குப் பத்துக்குக் கீழ போட்டவங்க படிச்சுப் போடல. கண்ண ஓட்டிட்டுப் போட்டிருக்காங்க."

பேச்சு சூடாகிக்கொண்டே போனது. இலக்கணம் தெரியாத பட்டதாரியை வெளியே அனுப்பினால் நம்மைத்தானே திட்டுவார்கள் என்றார் ஒருவர். மனப்பாடக் கட்டுரைக்கு மட்டும் பாஸ் போட்டு அனுப்புகிறோமே, அது யாருக்குப் பெருமை என்று ஜாஸ்பின் திருப்பிக் கேட்டாள். இப்படி உரக்கப் பேசி எத்தனை காலமாயிற்று என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஓமனா கையைத் தூக்கி நிறுத்தினாள். "ஜாஸ்பின் சொல்றதும் செரி. பெமிலா சொல்றதும் செரி. ஆனா அந்தக் குட்டிக்கு ஒரே ஒரு மார்க்குதான் கிட்டும். அது யாரு கையில போய் விழுந்ததோ, அதுதான். சாப்பிட்டுட்டு வாங்க, பேசுவோம்."

சாப்பாட்டுக்கு இறங்கும்போது வாட்ச்மேன் வந்து, கேட்டில் ஒரு அம்மா ரொம்ப நேரமாக நிற்பதாகச் சொன்னார்.

கேட்டுக்கு வெளியே, கவிழ்த்து வைத்த, மீன் சுமக்கும் சருவத்தின் பக்கத்தில் ஒருத்தி நின்றிருந்தாள். காலையில் மீன் விற்று முடித்துவிட்டு அப்படியே வந்திருக்கிறாள். கொஞ்சம் தள்ளி மதிலோரம், முகத்தை வேறெங்கோ வைத்துக்கொண்டு அபினா நின்றாள். ஜாஸ்பினுக்கு உடனே அடையாளம் தெரிந்தது. வேதியியல் படித்த பெண். எழுத்து வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து அதிகம் பேசாமல் எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறவள்.

"மிஸ், நான் இவளுக்க அம்மை, விக்டோரியா. எனக்க பிள்ளய நீங்கதான் காப்பாத்தணும்," என்று அவள் ஜாஸ்பினின் கையைப் பிடித்துக்கொண்டாள். "திருச்சியில மேல்படிப்புக்கு இடம் கிடச்சிருக்கு. எல்லாத்துலயும் நல்ல மார்க்கு. இந்த இங்கிலீசு எழுதுததுல மட்டும் மூணு மார்க்கு கொறஞ்சு போச்சு. திரும்பத் திருத்தக் கேக்க நாளு உண்டாம். இந்தப் பாவி, தோத்த காரியத்த எனக்கிட்ட ஒளிச்சு வச்சு, அந்த நாளும் கழிஞ்சுபோச்சு. நேத்து துணி மடக்கும்போதாக்கும் இந்தப் பேப்பரு எனக்குக் கிட்டினது."

"அம்மா, போலாம்," என்றாள் அபினா அங்கிருந்தே.

"நீ மிண்டாத இரி. மிஸ், மூத்தவ வடக்க எறால் கம்பெனிக்குப் போனா. ஐஸ் தண்ணியில நின்னு நின்னு வெரலு பத்தும் வெந்தவ மாதிரி திரும்பி வந்தா. இப்பம் அதே ஏஜெண்டு வாசல்ல வந்து நிக்கியான், எளையவள அனுப்புன்னு. இவ, செரி போறேன்னு சொல்லுகா. படிச்ச பிள்ள சொல்லுத பேச்சா இது?"

ஜாஸ்பின் விடைத்தாளின் ஜெராக்ஸை வாங்கிப் பிரித்தாள். கட்டுரை இருந்த பக்கத்துக்கு வந்தாள். முதல் வரி கண்ணில் பட்டதும் காதுக்குள் சத்தம் எல்லாம் அடங்கிப்போயிற்று.

கடல் வந்தது. அடுக்களையை எடுக்கிறது.

பக்கத்தின் ஓரத்தில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஆறு. அந்த ஆறின் தலை கொஞ்சம் நீண்டு இடப்பக்கம் வளைந்திருந்தது. அப்படி ஆறு போடுகிற ஆள் அந்தக் கல்லூரியில் ஒருத்திதான் உண்டு. கீழே ஜாஸ்பினுடைய சுருக்கொப்பம்.

வாகனங்கள் போய்வந்துகொண்டிருந்தன. விக்டோரியா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஜாஸ்பின் அந்தத் தாளைத் திருத்திய நேரத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். திருத்தும் முகாமின் கடைசி நாட்கள். மற்ற கல்லூரிகளுக்கு முன்னால் ரிசல்ட் போட வேண்டும் என்று விரட்டினார்கள். கட்டுக் கட்டாக வந்தது. மாமியாருக்கு மூச்சு முட்டுகிறது என்று வீட்டில் இருந்து போன் வந்த நாளும் அதில் ஒன்று. ஆனால் இந்தத் தாள், இந்த வரி, அந்தப் பூட்டு... ஒன்றுமே ஞாபகம் இல்லை. வெறுப்பில் போட்டிருந்தாலும் நினைவிருக்கும். கண்ணை ஓட்டிவிட்டுப் போட்டிருக்கிறாள்.

அவள் அபினாவைப் பார்த்தாள். அபினா இப்போது நேராக அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது நான் போட்ட மார்க்காக்கும்," என்றாள் ஜாஸ்பின்.

விக்டோரியாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவள் முகம் தெளிந்தது. "மாதாவே! அப்பம் நீங்களே மாத்திரலாமே மிஸ்?"

திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். அந்தத் தெளிச்சத்தைத்தான் ஜாஸ்பினால் தாங்க முடியவில்லை.

தேர்வுக் கட்டுப்பாட்டாளர் ராஜையன் நல்ல மனிதர். சபையில் மூப்பர், யாரையும் அதட்டிப் பேசி அவள் கேட்டதில்லை. ஜாஸ்பின் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ரீவேல்யூஷன் தேதி முடிஞ்சாச்சே ஜாஸ்பின்."

"திருத்தின ஆளே தப்புன்னு சொன்னா?"

"எது தப்பு? கூட்டல் தப்பா? பக்கம் விட்டுப்போச்சா? அப்பிடின்னா நான் நாளைக்கே மாத்துவேன். நீ அன்னைக்கு ஆறுன்னு நெனச்ச, இன்னைக்கு பதிமூணுன்னு நெனக்க. நாளைக்கு என்ன நெனப்பியோ?" கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நீ அந்த முகாமுல எத்தன கட்டு திருத்தின? இந்தப் பிள்ளைக்கு வாசலத் திறந்தா, மீதி அத்தன பேரும் வந்து வாசல்ல நிப்பாங்க."

"நிக்கட்டும் சார்."

அதுவரை அவளுக்கு இது ஒரு பெண்ணின் காரியமாகத்தான் இருந்தது. அந்த நொடியில்தான் மற்றத் தாள்கள் கண்முன் வந்தன. எத்தனை ஆறு போட்டாள்? எத்தனை ஏழு? சருவத்தோடு கேட்டில் வந்து நிற்க அம்மா இல்லாதவர்கள் எத்தனை பேர், இந்நேரம் எந்தக் கம்பெனியில் எந்தத் தண்ணீரில் நிற்கிறார்களோ. அதில் ஒரு முகமும் அவளுக்குத் தெரியாது. தாளில் பெயர் இருக்காது, நம்பர்தான்.

ராஜையன் குரலைத் தாழ்த்தினார். "ஜூன் மாச லிஸ்ட்டு முதல்வருக்க மேசையில இருக்கு. தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"பெறவு என்ன? வீட்டுக்குப் போய் நிதானமா யோசி."

மத்தியான அமர்வில் ஓரக்குறிப்பு எழுதுவது எப்படி என்று ஓமனா சொல்லிக்கொடுத்தாள். மாணவனின் தாளில் சும்மா 'மோசம்' என்று கிறுக்காமல், இந்த இடத்தில் நீ சொல்ல வந்தது என்ன என்று கேட்டு எழுத வேண்டும் என்றாள். ஜாஸ்பின் பேனாவைத் திறந்து வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். தேநீர் இடைவேளையில் ஓமனாவைத் தனியாகப் பிடித்து விஷயத்தைச் சொன்னாள். நீங்கள் ஒரு வார்த்தை முதல்வரிடம் சொன்னால் எடுபடும் என்று கெஞ்சினாள்.

ஓமனாவின் முகம் வாடிவிட்டது. பாதி தின்ற பழம்பொரியைத் தட்டில் வைத்தாள். "நான் விருந்துக்காரியா வந்தவ ஜாஸ்பின். இந்தக் கல்லூரி ரிசல்ட்டுல நான் கைவச்சா, இனி ஒரு கல்லூரியும் உண்மையான தாள் எனக்குத் தராது. முப்பது வருஷமா இந்தப் பயிற்சி நடத்துறேன். எல்லா இடத்திலயும் பலகையில இதே மாதிரிதான் மார்க்கு வரும். எல்லாரும் சிரிப்பாங்க, அதிசயப்படுவாங்க, சர்டிபிகேட் வாங்கிட்டுப் போவாங்க. ஒரு பிள்ள வெளிய கேட்டுல நிக்குறது எனக்கு இதுதான் முதல் தடவ."

"நான் என்ன செய்யட்டும் மேடம்?"

"எனக்கு அறியாது," என்றாள் ஓமனா. அதை அவள் உண்மையாகவே சொன்னாள்.

பஸ்ஸில் பெமிலா விஷயத்தைக் கடைசி வரை கேட்டாள். பிறகு ஜாஸ்பினின் முழங்கையைப் பிடித்தாள். "ஏட்டி, நான் சொல்லுகத கேளு. வாய மூடிட்டு இரி. அந்தப் பிள்ள நவம்பர்ல திரும்ப எழுதும், பாஸ் ஆகும். ஒரு வருஷம்தானே போகும். ஒனக்கு வேல போனா திரும்ப வருமா? மாமிக்கு மருந்து யாரு வாங்குவா?"

"அவ கம்பெனிக்குப் போயிருவாட்டி."

"அதுக்கு நீ என்ன செய்வ? ஊருல உள்ள எல்லாருக்கும் நீயா பொறுப்பு?" பெமிலாவின் கண் கலங்கியிருந்தது. "நான் அஞ்சுதான் போட்டேன், ஓர்மயிருக்கா? எனக்கும் கட்டு வந்துதே. அத நெனச்சுப் பாத்தா எனக்கு ஒறக்கம் வருமா? நெனக்காண்டாம்னு இருக்கேன்."

ஜாஸ்பினால் நினைக்காமல் இருக்க முடியவில்லை. மறுநாள் பயிலரங்குக்குப் போகாமல் நேரே தேர்வு அலுவலகத்துக்குப் போனாள். அடுத்த நாளும் போனாள். ராஜையன் வேலையாக இருக்கிறார் என்றார்கள்; வராந்தாவில் காத்து நின்றாள். கடைசி நாள், பயிலரங்கு நிறைவு விழாவுக்கு எல்லாரும் மாடியேறிக்கொண்டிருந்தபோது ராஜையனே வெளியே வந்தார். இளைத்துப்போன மாதிரி இருந்தார்.

"முதல்வர்கிட்ட பேசினேன். ஒரு வழி உண்டு. கவனக்குறைவா திருத்தினேன்னு நீ கையெழுத்துப் போட்டு எழுதித் தரணும். அப்பம் அந்தத் தாளு மட்டும் வெளிக் கல்லூரி ஆசிரியர் ஒருத்தருக்குப் போகும். அவரு போடுகதப் பாத்துதான் முடிவு. நல்லா யோசிச்சிக்கோ. எழுதித் தந்தா அது ஒனக்க பைல்ல இருக்கும். நான் ஒண்ணும் செய்ய ஒக்காது."

வராந்தாச் சுவரில் தாளை வைத்து ஜாஸ்பின் எழுதினாள். பதினோரு வருஷமாகப் பிள்ளைகளுக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தவளுக்கு அந்த நாலு வரி வரவில்லை. இரண்டு தரம் கிழித்துவிட்டு மூன்றாம் தரம்தான் கொடுத்தாள். மாடியில் பெயரைக் கூப்பிட்டுச் சர்டிபிகேட் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் பெயருக்குக் கைதட்டல் கேட்டது. போய் வாங்க ஆள் இல்லை. பெமிலா வாங்கி வைத்திருந்தாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் கொடுமை. விக்டோரியா காலையில் கரையில் இருந்தே போன் பண்ணுவாள். ஏலம் விடுகிற சத்தம் பின்னால் கேட்கும். "மிஸ், வல்லதும் அறிஞ்சியளா?" இல்லை என்றால், "செரி மிஸ், நீங்க வெப்ராளப்படாதீங்க, மாதா உண்டு," என்று இவளைத் தேற்றுவாள். பதிமூன்று வேண்டாம், ஒன்பது போதும், ஒன்பது போட்டால் பெண் கரையேறிவிடுவாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டே ஜாஸ்பின் மாமியாருக்குக் கஞ்சி ஊட்டினாள். அந்த முகம் தெரியாத ஆசிரியர் நல்ல தூக்கம் தூங்கி எழுந்து அந்தத் தாளை எடுக்க வேண்டும் என்று ஜெபித்தாள். அவர் வீட்டில் யாருக்கும் நோய் வரக் கூடாது. மின்சாரம் போகக் கூடாது. இப்படி ஒரு ஜெபத்தை ஆண்டவர் இதற்கு முன் கேட்டிருக்க மாட்டார்.

மழை தொடங்கிய அன்று காலை ராஜையன் போன் செய்தார்.

"ஜாஸ்பின், தாளு வந்திட்டு."

"சொல்லுங்க சார்."

"அவரு அஞ்சு போட்டிருக்காரு."

அவள் மாமியாரின் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். ராஜையனே தொடர்ந்தார்.

"ரெண்டுல கூடினது எதுவோ அத எடுக்கலாம்னு விதி உண்டு. அப்பமும் ஒனக்க ஆறுதான். நான் என்ன செய்யட்டும் மக்கா? நானும் அந்தக் கட்டுரைய வாசிச்சேன். கண்ணு நெறஞ்சு போச்சு. ஆனா எனக்க பாடம் கணக்கு."

அதே வாரத்தில் நோட்டீஸ் போர்டில் பட்டியல் ஒட்டினார்கள். பெமிலாவின் பெயர் இருந்தது. ஜாஸ்பினின் பெயர் இல்லை. காரணம் யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பெமிலா பஸ் ஸ்டாப்பில் அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். ஜாஸ்பினுக்கு அழுகை வரவில்லை. இந்தச் செய்தியை விக்டோரியாவிடம் போனில் சொல்லக் கூடாது என்று மட்டும் தோன்றியது. கருங்கல்லில் பஸ் ஏறி அவர்கள் ஊருக்குப் போனாள்.

கடல் ஊருக்குப் பக்கவாட்டில் இரைந்துகொண்டு கிடந்தது. அவர்கள் இருந்தது இரண்டு தெரு உள்ளே தள்ளி, ஓட்டுக் கூரை போட்ட வாடகை வீடு. அபினாவின் அப்பா மங்களூர் பக்கம் விசைப்படகில் போயிருந்தார். அக்கா சன்னலோரம் இருந்து வலை முடிந்துகொண்டிருந்தாள். ஆள் வந்ததும் கைகளை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். தரையில் ஒரு பை திறந்து கிடந்தது, பாதி துணி அடுக்கியபடி.

ஜாஸ்பின் நடந்ததைச் சொன்னாள். விக்டோரியா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தாள். அழவில்லை, ஏசவும் இல்லை. "அஞ்சா," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "அஞ்சா," என்றாள்.

அபினாதான் பேசினாள். "மிஸ், பெரிய மேடம் வந்த கூட்டத்துல நீங்க இதுக்குப் பதிமூணு போட்டீங்களாமே. பெமிலா மிஸ் சொன்னாங்க."

"போட்டேன்."

"முகாமுல ஆறு போட்டீங்க. இப்பம் ஒருத்தரு அஞ்சு போட்டிருக்காரு." அவள் குரலில் கோபம் இல்லை, கணக்கில் சந்தேகம் கேட்கிற மாதிரிக் கேட்டாள். "இதுல எது மிஸ் செரியான மார்க்கு?"

ஓமனாவிடம் கேட்க வேண்டிய கேள்வி. பயிலரங்கில் பேசிய பேச்சு எல்லாம் ஜாஸ்பினுக்கு வாய் வரை வந்து நின்றது. எதுவும் இந்தத் தரையில் நிற்காது என்று தெரிந்தது.

"எனக்குத் தெரியாது மக்கா."

அபினா தலையை ஆட்டினாள். "ஜெராக்ஸ் கையில கிடச்ச அன்னைக்கு எனக்கு ரீவேல்யூஷனுக்கு நாளு இருந்துது மிஸ். நான்தான் எழுதிக் குடுக்கல. அம்மைக்குப் பயந்திட்டுன்னு அம்மை நெனச்சிருக்கா. அதுக்காக இல்ல. வேற யாருக்க கையெழுத்தா இருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பேன். நீங்க போட்டதுன்னு கண்டதும், அப்பம் நான் அவ்வளவுதான்னு நெனச்சிட்டேன்."

அப்போதுதான் ஜாஸ்பின் அழுதாள். மூன்று வருஷம் எழுத்து வகுப்பு எடுத்து இந்தப் பெண்ணிடம் அவள் விட்டு வைத்தது இதைத்தான். அபினா சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து பக்கத்தில் வைத்துவிட்டு நின்றாள். அக்கா வலையை விட்டு எழுந்து வந்து, திறந்து கிடந்த பையில் இருந்து துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கொடியில் போடத் தொடங்கினாள். அவளுடைய விரல்களை அப்போது ஜாஸ்பின் பார்த்தாள்.

"இவ போக மாட்டா," என்றாள் அக்கா, யாரையும் பார்க்காமல். "நான் போனது போதும்."

நவம்பர் வரைக்கும் ஜாஸ்பின் அந்த ஊருக்குப் போய்வந்தாள். பகலில் கருங்கல்லில் ஒரு டியூஷன் சென்டரில் வேலை. சனி ஞாயிறு அபினாவின் வீடு. முதல் நாளே அபினா தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "மிஸ், எனக்கு நல்லா எழுதப் படிக்காண்டாம். ஆறு போட்டவங்க, அஞ்சு போட்டவங்க, அவங்க எல்லாரும் பாஸ் போடுத மாதிரி எழுதப் படிக்கணும்."

ஜாஸ்பினும் அதையே சொல்லிக்கொடுத்தாள். முன்னுரைக்கு மூன்று வாக்கியம். காலம் மாறக் கூடாது. ஒரு பத்திக்கு ஒரு கருத்து. நான் என்ற சொல் வேண்டாம். வீடு வேண்டாம், அப்பா வேண்டாம். அபினா ஒவ்வொரு வாரமும் ஒரு கட்டுரை எழுதினாள்: மரம் நடுதலின் அவசியம், நேரம் தவறாமை, கைப்பேசியின் நன்மை தீமை. ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சுத்தமாக இருந்தது. திருத்த ஒன்றும் இல்லாமல் போகப் போக ஜாஸ்பினுக்குக் கை பரபரத்தது. ஏதாவது ஒரு வரி கோணலாக இருக்காதா என்று தேடினாள். ஒருநாள் பொறுக்க முடியாமல், "இந்த எடத்துல உனக்கு என்ன தோணுதோ அத எழுதிப் பாரேன் மக்கா," என்றாள்.

"அது எத்தன மார்க்குன்னு ஒங்களுக்குத் தெரியுமா மிஸ்?" என்றாள் அபினா.

ஜாஸ்பின் அடுத்த வாரத்துக்கான தலைப்பைச் சொன்னாள்.

ரிசல்ட் வந்த அன்று டியூஷன் சென்டர் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. "பாஸ் மிஸ்," என்றாள் அபினா. கட்டுரைக்கு மட்டும் இருபதுக்குப் பதினாலாம். பின்னால் விக்டோரியா மாதாவின் பெயரைச் சொல்லிச் சிரிப்பதும் அழுவதும் கேட்டது. திருச்சியில் அந்த இடம் போய்விட்டது. அடுத்த வருஷம் மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டும். அதுவரை கருங்கல்லில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலைக்குப் போகப் போவதாகச் சொன்னாள்.

"என்ன தலைப்பு வந்துது?" என்று ஜாஸ்பின் கேட்டாள்.

"நான் பிறந்த ஊர்."

"என்ன எழுதின?"

"நீங்க படிச்சுத் தந்தது மாதிரித்தான் மிஸ். இயற்கை எழில் கொஞ்சும் ஊரு, மக்கள் ஒற்றுமையா வாழுகாங்கன்னு எழுதினேன்."

ஜாஸ்பின் சுவரில் சாய்ந்துகொண்டாள். சந்தோஷப்படத்தான் வேண்டும். ஒரு பெண் ஐஸ் தண்ணீரில் நிற்காமல் தப்பித்தாள். அது சின்னக் காரியமா? இருந்தும் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்றை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பினவள் மாதிரி இருந்தது.

"நல்லா இரி மக்கா," என்று சொல்லிப் போனை வைத்தாள். உள்ளே பிள்ளைகள் பெஞ்சைத் தட்டத் தொடங்கியிருந்தார்கள். முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு வகுப்புக்குள் போனாள்.